லிப்பேஸ் தொடாத எண்ணெய்: ஓலெஸ்ட்ரா, ஒரு நிகழ்வு ஆய்வு

1996 ஜனவரி 24 அன்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு புது எண்ணெய்க்கு அனுமதி கொடுத்தது. பெயர் ஓலெஸ்ட்ரா. பார்வைக்கும் நாக்குக்கும் எண்ணெய்தான். கொதிக்கும் சூட்டைத் தாங்கும், உருளைக்கிழங்கு சிப்ஸை அதில் மொறுமொறுவென்று பொரித்தெடுக்கலாம். சாதாரண எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி தரும் என்றால், இது தருவது ஒன்றுமில்லை. சாப்பிட்டது அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும்.

இதைத் தயாரித்த ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் முன்வைத்த பாதுகாப்பு வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஓலெஸ்ட்ரா செரிப்பதில்லை, உறிஞ்சப்படுவதில்லை, ஆகவே இரத்தத்துக்கோ கல்லீரலுக்கோ போய்ச் சேர்வதில்லை. இந்த வாதத்தில் பொய் இல்லை. ஆனால் குடலுக்குள் பல மணி நேரம் இருந்துவிட்டுப் போகும் ஒரு பொருள், இரத்தத்துக்குள் நுழையவில்லை என்பதற்காக உடம்பில் எதையும் செய்யவில்லை என்று ஆகாது. எண்ணெய், நெய் போன்ற கொழுப்பு அமில எஸ்டர்களை உடல் எப்படி வெட்டுகிறது, எப்படி உள்ளே எடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஓலெஸ்ட்ராவை விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வெட்ட முடியாத ஒன்றைக் குடலுக்குள் அனுப்பும்போதுதான், வெட்டுவதால் என்னவெல்லாம் நடக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

சாதாரண எண்ணெய் போகும் வழி

ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்து, நீர் விலகினால் கிடைப்பது எஸ்டர். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் எல்லாமே பெரும்பாலும் ஒரே வகை எஸ்டர்கள்தான். கிளிசரால் என்ற சின்ன ஆல்கஹாலுக்கு மூன்று கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு கொழுப்பு அமிலம். இதுதான் டிரைகிளிசரைடு.

இது முழுசாகக் குடல் சுவரைக் கடக்காது. முதலில் எஸ்டர் பிணைப்பு அறுபட வேண்டும். இரைப்பையிலேயே ஒரு லிப்பேஸ், அதாவது கொழுப்பை வெட்டும் நொதி, வேலையைத் தொடங்கிவிடுகிறது. மொத்தக் கொழுப்பில் 10 முதல் 30 சதவீதம் வரை அங்கேயே வெட்டுப்படும். பெரிய வேலை முன்சிறுகுடலில். பித்தநீர் வந்து எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக்குகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. துளியின் மேற்பரப்பைப் பித்த உப்புகள் மூடிக்கொள்வதால், கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் அங்கே ஒட்ட முடியாமல் தள்ளப்படுகிறது. அதற்காகவே கணையம் கோலிப்பேஸ் என்ற சிறு புரதத்தையும் சேர்த்து அனுப்புகிறது. அது துளியின் மேல் உட்கார்ந்து லிப்பேஸைப் பிடித்து நிறுத்துகிறது. லிப்பேஸ் தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் மட்டுமே வேலை செய்யும் நொதி.

லிப்பேஸ் மூன்று கைகளில் முதலாவதையும் மூன்றாவதையும் வெட்டுகிறது. நடுக்கையை விட்டுவிடுகிறது. மிஞ்சுவது இரண்டு தனிக் கொழுப்பு அமிலங்களும், நடுவில் ஒரே அமிலத்தோடு நிற்கும் மோனோகிளிசரைடும். இவை பித்த உப்புகளோடு கலந்து மைசெல் எனப்படும் மிகச் சிறு உருண்டைகளாகி, குடல் செல்களின் ஓரம் வரை போய், உள்ளே இறங்குகின்றன. கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் கரோட்டினும் கொலஸ்டிராலும் இதே மைசெல்லில் ஏறித்தான் வருகின்றன.

அப்புறம் நடப்பதுதான் பலருக்கும் வியப்பாக இருக்கும். இவ்வளவு பாடுபட்டு வெட்டியதைக் குடல் செல் உள்ளே மறுபடி ஒட்டுகிறது. டிரைகிளிசரைடு மீண்டும் உருவாகி, அப்போ பி-48 என்ற புரதத்தோடு கைலோமைக்ரான் என்ற பொட்டலமாகிறது. அந்தப் பொட்டலம் நேராகக் கல்லீரலுக்குப் போவதில்லை. நிணநீரில் இறங்கி, மார்பு வழியாக ஏறி, இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சிரையில் கலக்கிறது. நெய் ஊற்றிய விருந்துச் சாப்பாடு முடிந்து மூன்று நான்கு மணி நேரத்தில் இரத்தம் எடுத்துச் சுழற்றி வைத்தால், மேலே நிற்கும் சீரம் தெளிவாக இல்லாமல் பால் போல வெளுத்திருக்கும். ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் அந்தக் குழாயைப் பார்த்ததுமே, வெறும் வயிற்றில் வரச் சொன்னதை இவர் கேட்கவில்லை என்று கண்டுகொள்வார்கள். அந்த வெண்மைதான் கைலோமைக்ரான்.

தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்ணிரத்தக் குழாய்களின் சுவரில் இன்னொரு லிப்பேஸ் காத்திருக்கிறது. அங்கே எஸ்டர் மறுபடி வெட்டுப்படுகிறது. தசைக்குள் போன கொழுப்பு அமிலம் மைட்டோகாண்டிரியாவில் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்பட்டு எரிக்கப்படும். 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலத்தை ஏழு சுற்றில் எட்டுத் துண்டாக்கி முழுசாக எரித்தால், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் நிகரமாக 106 கிடைக்கும். கொழுப்பின் அந்த 9 கலோரி வருவது இங்கிருந்துதான். கார்பன் எண்ணிக்கை குறைவான கொழுப்பு அமிலங்களுக்கு நிணநீர்ச் சுற்று கிடையாது. அவை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்விடும்.

ஆக, ஒரு வேளை எண்ணெய்க்கு உடம்புக்குள் வெட்டு, ஒட்டு, மறுபடி வெட்டு. முதல் வெட்டு விழாவிட்டால் பின்னால் வரும் எதுவுமே இல்லை.

குறைமாதக் குழந்தைகளிடமிருந்து தொடங்கியது

ஓலெஸ்ட்ராவைத் தேடி யாரும் போகவில்லை. 1968இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளின் ஆய்வாளர்கள் ஃப்ரெட் மேட்சனும் ராபர்ட் வோல்பென்ஹைனும் தேடிக்கொண்டிருந்தது இதற்கு நேர் எதிரான ஒன்றை. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கணைய லிப்பேஸும் பித்த உப்பும் போதிய அளவு இருக்காது. அவர்களுக்கு எளிதில் செரிக்கும் கொழுப்பு எது என்பதே கேள்வி. அதற்காகப் பலவகை ஆல்கஹால்களில் கொழுப்பு அமிலங்களை ஏற்றிப் பார்த்தார்கள். கிளிசராலுக்குப் பதிலாகச் சீனியை, அதாவது சுக்ரோஸை, வைத்தபோது கிடைத்த பொருள் செரிக்கவே இல்லை.

காரணத்தை அவர்களே 1972இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஒரு கையிலிருந்து எட்டுக் கை வரை உள்ள ஆல்கஹால்களை எடுத்து, எல்லாக் கைகளிலும் கொழுப்பு அமிலத்தை ஏற்றி, எலியின் கணைய நீரில் போட்டுப் பார்த்தார்கள். மூன்று கை வரை வெட்டு நன்றாக விழுந்தது. அதற்கு மேல் எண்ணிக்கை கூடக்கூட வேகம் இறங்கியது. ஆறு கை கொண்ட சார்பிட்டாலிலும் எட்டுக் கை கொண்ட சுக்ரோஸிலும் வெட்டு விழவே இல்லை.

இத்தனைக்கும் பிணைப்பு அதே எஸ்டர் பிணைப்புதான். வேதியியல் ரீதியாக அதில் எந்தப் புதுமையும் இல்லை. காரத்தில் கொதிக்க வைத்தால் சோப்பாகிப் பிரிந்துவிடும். நொதியால்தான் முடியவில்லை. மட்டை கழிக்காத வடலிப்பனையைப் பார்த்திருப்பீர்கள்: அடியிலிருந்தே மட்டைகள் எல்லாப் பக்கமும் நெருக்கி நிற்பதால் அடிமரம் கண்ணிலேயே படாது, அரிவாளை உள்ளே விடவும் இடமிருக்காது. எட்டுக் கொழுப்பு அமிலம் ஏறிய சுக்ரோஸ் அப்படித்தான் இருக்கிறது. பிணைப்புகள் எல்லாம் நடுவில், சீனியை ஒட்டி. சுற்றிலும் நீளமான கொழுப்புச் சங்கிலிகள். லிப்பேஸின் வெட்டும் முனை அந்த நடுப்பகுதிவரை எட்டுவதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்களாலும் அதை உடைக்க முடியவில்லை. வெட்டாமல் முழுசாக உறிஞ்சலாம் என்றால், மூலக்கூறு எடை ஏறக்குறைய 2,400. சாதாரண டிரைகிளிசரைடைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். குடல் சுவர் டிரைகிளிசரைடையே முழுசாக விடாதபோது இதற்கு வழியே இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் உணவுப் பொட்டலங்களில், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கலந்து வைக்கும் பால்மக் காரணிகளின் வரிசையில் ஐ.என்.எஸ். 473 என்ற எண் வரும். அது சுக்ரோஸின் கொழுப்பு அமில எஸ்டர். அதே சீனி, அதே கொழுப்பு அமிலங்கள். ஆனால் எட்டுக் கைகளில் ஒன்றிலோ இரண்டிலோ தான், சிலவற்றில் மூன்றில், அமிலம் ஏறியிருக்கும். மட்டை குறைவு; வெட்ட இடம் இருக்கிறது. குடலிலேயே நீராற்பகுப்பு நடந்து, சீனி தனியாக, கொழுப்பு அமிலம் தனியாகப் பிரிந்து, இரண்டும் வழக்கமான வழியில் போகின்றன. ஓலெஸ்ட்ராவுக்கான அமெரிக்க விதிமுறையோ, ஆறு, ஏழு, எட்டு அமிலம் ஏறிய மூலக்கூறுகள் மொத்தத்தில் 97 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எட்டும் ஏறியவை மட்டுமே 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. இந்தக் கண்டிப்புக்குக் காரணம், எண்ணிக்கை குறைந்தால் பொருள் செரிக்கத் தொடங்கிவிடும் என்பதுதான். பெயரில் ‘சுக்ரோஸ் எஸ்டர்’ என்று இருப்பதை மட்டும் வைத்து உடம்பு என்ன செய்யும் என்று சொல்லிவிட முடியாது.

மருந்தா, உணவா

1970களில் நிறுவனம் இதைக் கொலஸ்டிரால் குறைக்கும் மருந்தாகக் கொண்டுவரப் பார்த்தது. நியாயமான யோசனைதான்: கொலஸ்டிரால் எண்ணெயில் கரையும், செரிக்காத எண்ணெயில் கரைந்தால் அதோடு வெளியேறும். ஆனால் மருந்தாக ஒப்புதல் வாங்கும் அளவுக்குக் கொலஸ்டிரால் குறையவில்லை. 1987இல் உணவுச் சேர்க்கைப் பொருளாக மனு போட்டார்கள். சமையல் எண்ணெயில் ஒரு பங்காகக் கலந்து எல்லா உணவிலும் பயன்படுத்துவது அப்போதைய திட்டம். 1990இல் அதைச் சுருக்கி, உப்பு, கார நொறுக்குகளுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். 1996இல் கிடைத்தது அந்தச் சுருங்கிய அனுமதிதான். கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் அதையும் கொடுக்கவில்லை.

உறிஞ்சப்படாத எண்ணெய் குடலில் செய்தது

சாதாரண எண்ணெய் சிறுகுடலில் போகப்போகக் குறைந்துகொண்டே வரும். வெட்டுப்பட்டு, மைசெல்லாகி, உள்ளே இழுக்கப்பட்டு, கடைசியில் எண்ணெய்த் துளி என்று ஒன்றே இருக்காது. ஓலெஸ்ட்ரா அப்படியல்ல. குடலின் முழு நீளத்துக்கும் அது எண்ணெயாகவே நிற்கிறது. அதே வேளையில் சாப்பிட்ட கீரையிலும் கேரட்டிலும் தக்காளியிலும் உள்ள எண்ணெயில் கரையும் பொருட்களுக்கு இப்போது இரண்டு இடம். ஒன்று குடல் செல்லுக்குக் கொண்டுபோகும் மைசெல். இன்னொன்று எங்கும் கொண்டுபோகாத ஓலெஸ்ட்ரா. எது எண்ணெயை அதிகம் விரும்புகிறதோ அது ஓலெஸ்ட்ராவிலேயே தங்கிவிடும்.

அதனால் வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கையும் ஓலெஸ்ட்ராவில் சேர்த்தே விற்க வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. ஒரு கிராம் ஓலெஸ்ட்ராவுக்கு வைட்டமின் கே 8 மைக்ரோகிராம், டி 12 யூனிட், ஈ 1.9 மில்லிகிராம். ஒரு சின்னப் பொட்டலம் சிப்ஸில் ஏறக்குறைய 10 கிராம் எண்ணெய் என்று வைத்தால், 80 மைக்ரோகிராம் வைட்டமின் கே. ஒரு பெரியவருக்கு நாள் முழுவதுக்கும் தேவைப்படும் அளவுக்கு நெருங்கி வருகிறது. இது ஊட்டம் சேர்ப்பதற்காக அல்ல, எடுத்துக்கொண்டு போவதை ஈடுகட்டுவதற்காக. எனவே ஊட்டச்சத்துக் கணக்கில் அந்த வைட்டமின்களைச் சேர்த்துக் காட்ட முடியாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு வைட்டமின் கே கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல்.

கேரட்டுக்கும் தக்காளிக்கும் நிறம் தரும் கரோட்டினாய்டுகளை யாரும் ஈடுகட்டவில்லை. நெதர்லாந்தில் 1995இல் வெளியான ஓர் ஆய்வில், இதே வகைப் பொருளை நாளுக்கு வெறும் 3 கிராம் உணவில் சேர்த்ததற்கே, இரத்தத்தில் பீட்டா கரோட்டின் 20 சதவீதமும் லைகோபீன் 38 சதவீதமும் குறைந்தன. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வால்டர் வில்லெட்டும் மெய்ர் ஸ்டாம்ஃபரும் அனுமதிக்கு எதிராகப் பேசியபோது வலியுறுத்தியது இதைத்தான். கரோட்டினாய்டுகளின் இழப்பால் பிற்காலத்தில் என்ன நோய் வரும் என்று அப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் நிர்வாகம் அதை ஈடுகட்டச் சொல்லவில்லை. எனக்கு அந்த முடிவு சரியாகப் படவில்லை. தீமை நிரூபணமாகவில்லை என்பது வேறு, பழம் காய்கறியிலிருந்து கிடைப்பதை ஒரு நொறுக்குத் தீனி எடுத்துக்கொண்டு போவது வேறு. இரண்டாவது விஷயம் நிரூபணமாகித்தான் இருந்தது.

பிறகு, ஊரெல்லாம் பேசிய வயிற்றுப்போக்கு. ஆரம்பத்தில் செய்த ஓலெஸ்ட்ரா உடல் சூட்டில் முழுத் திரவமாக இருந்தது. பெருங்குடலுக்கு வந்து சேரும்போது அது மலத்தோடு கலக்காமல் தனியாகப் பிரிந்து, ஆளுக்குத் தெரியாமலே உள்ளாடையில் கசிந்தது. இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. நீளமான நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களை அதிகம் ஏற்றி, 37 டிகிரியில் கெட்டியாக நிற்கும்படி மாற்றினார்கள். கசிவு பெரிதும் அடங்கியது. கையில் எந்தக் கொழுப்பு அமிலம் இருக்கிறது என்பது எங்கே முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று: வெட்டுப்படுமா படாதா என்பதைக் கைகளின் எண்ணிக்கை தீர்மானித்தது, குடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அமிலத்தின் வகை தீர்மானித்தது.

இங்கே விளக்கெண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதுவும் கொழுப்பு அமில எஸ்டர்தான். அதுவும் வயிற்றைக் கலக்கும். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுத்த பொருள். ஆனால் அது வேலை செய்யும் விதம் ஓலெஸ்ட்ராவுக்கு நேர்மாறு. விளக்கெண்ணெய் ஒரு டிரைகிளிசரைடு. அதன் கைகளில் 90 சதவீதம் வரை ரிசினோலெயிக் அமிலம். எண்ணெயாக இருக்கும்வரை அது எதையும் செய்வதில்லை. கணைய லிப்பேஸ் அதை வெட்டிய பிறகு, விடுபட்ட ரிசினோலெயிக் அமிலம் குடல் தசையில் உள்ள ஈ.பி.3 என்ற ஏற்பியில் போய் ஒட்டிக் குடலை முடுக்குகிறது. இதை 2012இல் ஜெர்மனியில் எலிகளில் காட்டினார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தும் பேதியாகவில்லை. ஒன்று செரிப்பதால் பேதி, இன்னொன்று செரிக்காததால் பேதி. வெளியே தெரியும் விளைவு ஒன்றுதான்.

திரையரங்கில் ஒரு சோதனை

1998இல் ஃப்ரிட்டோ-லே என்ற நொறுக்குத் தீனி நிறுவனத்தின் ‘வாவ்’ சிப்ஸ் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது. பொட்டலத்தில் எச்சரிக்கை: இதில் ஓலெஸ்ட்ரா உள்ளது, வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வரலாம், சில வைட்டமின்களையும் பிற சத்துகளையும் உறிஞ்ச விடாது. இப்படி ஒரு வாசகத்தோடு ஒரு தின்பண்டத்தை விற்பது எளிதல்ல. ஆனாலும் முதல் ஆண்டு நன்றாகவே விற்றது. ஆயிரக்கணக்கான புகார்களும் வந்தன.

அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சோதனை வெளியானது. லாரன்ஸ் செஸ்கினும் குழுவினரும் சிகாகோ பகுதியில் ஒரு திரையரங்கில் ஆட்களைச் சேர்த்து, படம் பார்க்கும்போது வேண்டிய மட்டும் சிப்ஸ் சாப்பிடச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு ஓலெஸ்ட்ரா, மீதிப் பேருக்குச் சாதாரண சிப்ஸ். யார் கையில் எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. ஓலெஸ்ட்ரா தின்ற 563 பேரில் 15.8 சதவீதத்தினருக்கும், சாதாரண சிப்ஸ் தின்ற 529 பேரில் 17.6 சதவீதத்தினருக்கும் வயிற்றுத் தொந்தரவு. அதாவது வித்தியாசமே இல்லை. அடுத்த ஆண்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆறு வாரம் வீட்டிலேயே நடத்திய சோதனையிலும் 38க்கு 37 சதவீதம்.

இவை போன்ற ஆய்வுகளை வைத்துத்தான் 2003 ஆகஸ்டில் எச்சரிக்கை வாசகத்தை எடுத்துவிட அனுமதி கிடைத்தது. செலவு செய்தது நிறுவனம் என்றாலும், ஆய்வுகள் ஒழுங்காகவே செய்யப்பட்டவை. எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தின்பவர், சாதாரணமாக வரும் வயிற்றுவலியையும் சிப்ஸின் கணக்கில் எழுதுவார் என்பதை அவை நன்றாகவே காட்டின. ஆனால் திரையரங்கில் ஓலெஸ்ட்ரா சிப்ஸ் கிடைத்தவர்கள் சராசரியாகத் தின்றது 60 கிராம் அளவு. சாதாரண சிப்ஸ் கிடைத்தவர்கள் 77 கிராம். ஒரு பெரிய பொட்டலத்தை ஒரே மூச்சில் காலி செய்கிறவருக்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. வைட்டமின் கணக்கோ அந்தக் கேள்விக்குள்ளேயே வரவில்லை. வயிறு வலிக்கவில்லை என்பதால் குடலில் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டுவதும், இரத்தத்துக்குப் போகவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் ஒரே வகைப் பிழைதான்.

ஒற்றைக் கை எஸ்டர்கள்

எட்டுக் கைக்கு வெட்டு விழாது என்றால், ஒற்றைக் கை எஸ்டர் சட்டென்று வெட்டுப்பட வேண்டும் அல்லவா? அதுவும் சரியில்லை. ஆழ்கடலில் கிடைக்கும் எஸ்கோலார், எண்ணெய் மீன் என்ற இரண்டு மீன்களின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். அதில் பெரும்பகுதி மெழுகு எஸ்டர்: ஒரு நீளமான ஆல்கஹால், ஒரு நீளமான கொழுப்பு அமிலம், நடுவில் ஒரே பிணைப்பு. மனிதக் குடல் இதை மிக மெதுவாகத்தான் வெட்டுகிறது. ருசியான மீன் என்று நிறையச் சாப்பிட்டவர்களுக்குச் சில மணி நேரத்தில் ஆரஞ்சு நிற எண்ணெய் ஆசனவாயிலிருந்து தானாகக் கசியும். ஓலெஸ்ட்ராவின் முதல் வடிவத்துக்கு நேர்ந்த அதே நிலை. ஜப்பான் 1977இலேயே எஸ்கோலார் விற்பனையைத் தடை செய்தது. லிப்பேஸுக்குப் பழக்கமான உருவம் கிளிசரால்தான் என்பதை மெழுகு எஸ்டர் காட்டுகிறது.

மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதில் உபயோகமான செய்தி ஒன்று உண்டு. செறிவூட்டிய ஒமேகா-3 மாத்திரைகள் பலவற்றில் இருப்பது எத்தில் எஸ்டர், அதாவது ஒற்றைக் கை. அதை வெட்டும் வேகம் டிரைகிளிசரைடை விடக் குறைவு. வெறும் வயிற்றில் போட்டால் பெருமளவு வீணாகலாம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பித்தநீரும் லிப்பேஸும் நிறைய வந்து வேலையை முடித்துவிடும்.

எந்த வாசலில் நுழைகிறது என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். பாலிசார்பேட் 80 என்ற எஸ்டர் பல உணவுகளில் உண்டு. வாய்வழி போனால் லிப்பேஸ் அதன் ஓலெயிக் அமிலத்தை வெட்டி எடுத்துக்கொள்ளும், மிச்சமுள்ள பெரிய துண்டு பெரும்பாலும் மலத்தில் போய்விடும். 1983-84இல் அமெரிக்காவில் ஈ-ஃபெரால் என்ற வைட்டமின் ஈ ஊசி குறைமாதக் குழந்தைகளுக்கு நேரடியாகச் சிரையில் ஏற்றப்பட்டது. வைட்டமினைக் கரைக்கச் சேர்த்தவை பாலிசார்பேட் 80, 20. கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாகி 38 குழந்தைகள் இறந்தார்கள். பெரும் சந்தேகம் விழுந்தது பாலிசார்பேட் மேல். குடலில் வெட்டுப்பட்டு வடிகட்டப்பட வேண்டிய ஒன்று முழுசாக, அந்தச் சிறு உடலுக்குத் தாங்காத அளவில், இரத்தத்துக்குப் போனது. உணவில் பாதுகாப்பானது என்று பெயர் வாங்கிய எஸ்டரை அந்தப் பெயரை நம்பி ஊசியில் ஏற்றக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடுமையான ஆதாரம் வேண்டாம்.

வியன்னாவில் கிடைத்த வேறொரு பயன்

ஓலெஸ்ட்ரா வைட்டமினை இழுத்துக்கொண்டு போகிறது என்றால், எண்ணெயில் கரையும் நஞ்சையும் இழுத்துக்கொண்டு போகாதா? வியன்னா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் கேட்டது இந்தக் கேள்விதான்.

1990களின் இறுதியில் அவர்களிடம் இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள். முகமெல்லாம் கட்டியும் கொப்புளமுமாகக் குளோராக்னே. பரிசோதித்ததில் டி.சி.டி.டி. என்ற டயாக்சின். ஒருவரின் இரத்தக் கொழுப்பில் கிராமுக்கு 1,44,000 பிகோகிராம்; அதுவரை மனித உடலில் அளக்கப்பட்ட எல்லாவற்றிலும் அதிகம். டயாக்சினை உடல் உடைப்பதே அபூர்வம். கொழுப்புத் திசுவில் போய்த் தங்கிவிடும், பாதி வெளியேறவே ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும். ஆனால் அது அங்கேயே அசையாமல் இருப்பதில்லை. இரத்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் கசிந்து, கொழுப்போடு சேர்ந்து திரும்ப உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தத் திரும்பும் வழியில் உறிஞ்சப்படாத எண்ணெய் ஒன்று நின்றால்?

மருத்துவர்கள் அவர்களுக்கு ஓலெஸ்ட்ராவில் பொரித்த சிப்ஸைக் கொடுத்து, மலத்தில் டயாக்சினை அளந்தார்கள். வெளியேறும் அளவு எட்டிலிருந்து பத்து மடங்கு கூடியது. இப்படியே தொடர்ந்தால் ஏழு ஆண்டு என்பது ஒன்றிரண்டு ஆண்டாகக் குறையும் என்று 1999இல் லான்செட் இதழில் கணக்குக் காட்டினார்கள்.

ஓலெஸ்ட்ராவைப் பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் பாதித்தது இந்த ஆய்வுதான். பொருள் மாறவில்லை. குடலில் அது செய்யும் வேலையும் மாறவில்லை. கரோட்டினைத் திருடிய அதே குணம், நஞ்சை வெளியே இழுக்கும் மருந்தாகிவிட்டது. அப்படியானால் ‘உறிஞ்சப்படவில்லை, ஆகவே ஒன்றும் செய்யாது’ என்ற வாதத்தை இந்த இரண்டு நோயாளிகளின் மலப் பரிசோதனையே மறுத்துவிட்டது.

அலபாமா மாநிலத்தின் ஆனிஸ்டன் என்ற ஊரில் பல பத்தாண்டுகள் பி.சி.பி. எனப்படும் நச்சு வேதிப்பொருட்களைத் தயாரித்த தொழிற்சாலை இருந்தது. ஊர்க்காரர்களின் உடலில் அந்த நஞ்சு இன்னும் இருக்கிறது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஜாண்டசெக் முன்பு ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் இருந்து ஓலெஸ்ட்ராவை உருவாக்கியவர்களில் ஒருவர். அவரும் சகாக்களும் அந்த ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு நாளுக்கு 15 கிராம் ஓலெஸ்ட்ரா சேர்ந்த சிப்ஸும், மற்றவர்களுக்குச் சாதாரண எண்ணெய் சிப்ஸும் கொடுத்தார்கள். முடிவு 2014இல் வெளியானது: ஓலெஸ்ட்ரா தின்றவர்களின் இரத்தத்தில் பி.சி.பி. குறையும் வேகம், அவர்கள் அதற்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தது. டயாக்சினில் கண்ட அளவுக்குப் பெரிய மாற்றம் இல்லை. இந்தச் சிகிச்சைக்கு ஓலெஸ்ட்ராவைத் தினமும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், கூடவே கொழுப்பில் கரையும் வைட்டமின்களை அவ்வப்போது அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.